படகில் பாஸ் எந்த வரிசையில் உட்கார வேண்டும்?

ஆண்டு இறுதி நெருங்கினால் சிங்கப்பூர் அலுவலகங்களில் மனிதவளப் பிரிவிலிருந்து குழு ஒன்றுகூடல் பற்றிய அந்த மின்னஞ்சல் வந்துவிடும். பௌலிங், பஃபே, லக்கி டிரா, குழுப்படம். குறை சொல்ல ஒன்றுமில்லை. வருடம் முழுக்க உழைத்தவர்களுக்கு நல்ல சாப்பாடு போடுவது நல்ல காரியம்தான். ஆனால் அதற்குக் குழுப்பணிப் பயிற்சி என்று பெயர் வைத்து, பயிற்சி பட்ஜெட்டில் கணக்கெழுதிவிட்டு, மறுவாரமும் விற்பனைப் பிரிவும் கிடங்கும் முறைத்துக்கொண்டே இருக்கின்றனவே என்று அலுத்துக்கொள்வதில் நியாயமில்லை. பௌலிங்கில் ஒருவர் பந்தை உருட்டும்போது மற்றவர்களுக்கு வேலையே இல்லை. கைதட்டலாம், கைபேசி பார்க்கலாம்.

வெளியே கூட்டிப்போய்க் குழுப்பணி பழக்க வேண்டுமென்றால், தேர்ந்தெடுக்கும் செயலைத் தனியாளாகச் செய்ய முடியக்கூடாது. செய்தது சரியா தவறா என்பது சில நிமிடங்களில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நடுவில் யாராவது ஒருவர் முடிவெடுத்தே ஆக வேண்டிய கட்டாயமும் இருக்க வேண்டும். அந்த ஒருவர் அலுவலகத்தில் முடிவெடுக்க வாய்ப்பே கிடைக்காதவராக இருந்தால் இன்னும் நல்லது. தலைமைப் பண்பு பேச்சைக் கேட்டு வருவதைவிட, பொறுப்பு கைக்கு வரும்போதுதான் வருகிறது.

அந்தப் பொறுப்பை ஆறு வாரம் முன்னாடியே கொடுத்துவிடலாம். ஏற்பாட்டுக் குழுவில் மூன்று பேர் போதும். மூவரும் வெவ்வேறு பிரிவு, ஒருவரும் மேலாளர் அல்ல. அவர்களிடம் மூன்றே தகவலைச் சொல்லுங்கள்: மொத்தச் செலவு இவ்வளவு, வேலை நாளில்தான் நடக்க வேண்டும், பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் மேலாளருக்கு மறுக்கும் உரிமை உண்டு. மற்றதெல்லாம் அவர்கள் முடிவு. இங்கே வழக்கமாகக் கெடுவது ஒரே இடத்தில்தான். எல்லா மின்னஞ்சலிலும் மேலாளர் சிசியில் இருப்பார்; கடைசி வாரத்தில் "செந்தோசாத் தீவுக்கே போகலாமே" என்று ஒரு வரி எழுதுவார். அதோடு சரி. அடுத்த வருடம் குழுவில் சேர ஆள் தேடி அலைய வேண்டியதுதான்.

சனிக்கிழமை வைக்காதீர்கள். குடும்பத்தின் நாளைப் பிடுங்கிக்கொண்டு ஒற்றுமையைப் பற்றிப் பேசினால் யாருக்கும் காதில் ஏறாது. வெள்ளிக்கிழமை என்றால் முஸ்லிம் சகாக்களின் ஜும்ஆ தொழுகை நேரத்தை விட்டுவிட்டு நிகழ்ச்சியை அமையுங்கள். சிங்கப்பூரில் தேதி குறிப்பது தனிக்கலை. பிப்ரவரி சராசரியில் மழை மிகக் குறைந்த மாதம். ஆனால் 2026-இல் தைப்பூசம், சீனப் புத்தாண்டு, ரமலான் நோன்பின் தொடக்கம் மூன்றுமே அந்த ஒரு மாதத்தில் விழுகின்றன. ஆவிகள் உலவுவதாக நம்பப்படும் சீனர்களின் ஏழாம் மாதத்தில் தண்ணீர்ப் பக்கம் போக விரும்பாதவர்கள் எல்லா அலுவலகத்திலும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். அவர்களோடு வாதாடாமல் தேதியை மாற்றிவிடுவது சுலபம். செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறந்துவிட்டால் நம்மவர்கள் பலர் சைவம். ஏற்பாட்டுக் குழுவில் மூன்று பிரிவு ஆட்கள் இருப்பதோடு, மூன்று வீட்டு நாட்காட்டி தெரிந்தவர்களும் இருந்தால் இதெல்லாம் தானாகவே பேச்சில் வந்துவிடும்.

எந்தச் செயல் என்று கேட்டால், இருபது பேருக்கு மேல் இருக்கும் குழுவுக்கு டிராகன் படகை அடித்துக்கொள்ள வேறொன்றில்லை. பெரிய படகில் துடுப்பு போடுபவர்கள் 20 பேர், பத்து வரிசையில் இரண்டிரண்டாக. முன்னால் முரசடிப்பவர் ஒருவர், பின்னால் சுக்கான் பிடிப்பவர் ஒருவர். ஆக 22. சிறிய படகு 10 துடுப்பு, மொத்தம் 12 பேர். காலாங் பேசின் நீர்நிலையில் பயிற்சி தரும் குழுக்கள் உள்ளன. மக்கள் கழகத்தின் பேஷன் வேவ் நீர்விளையாட்டு நிலையங்களிலும் விசாரிக்கலாம். சுக்கானை மட்டும் பயிற்றுநரிடமே விட்டுவிடுங்கள். அதில் விளையாட்டு வேண்டாம்.

உட்காரும் வரிசையிலேயே பாடம் இருக்கிறது. முதல் வரிசை இருவர்தான் வேகத்தையும் தாளத்தையும் வைப்பவர்கள். அவர்களுக்குப் பலத்தைவிட நிதானம் முக்கியம். நடு வரிசைகளில் கனமான, பலமான ஆட்கள். ஒரு வரிசையின் இடமும் வலமும் ஏறக்குறைய ஒரே எடை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படகு ஒரு பக்கம் சாய்ந்தே போகும். புதியவர்கள் செய்யும் முதல் தவறு, காதால் முரசைக் கேட்டுத் துடுப்பு போடுவது. கேட்டு, புரிந்து, கை அசைவதற்குள் கொஞ்சம் பிந்திவிடும். பத்தாவது வரிசைக்குப் போகும்போது துடுப்புகள் ஒன்றோடொன்று மோதும், முன்னால் இருப்பவர் முதுகில் தண்ணீர் அடிக்கும். கண்ணை உயர்த்தி, குறுக்காக முதல் வரிசை ஆளின் துடுப்பைப் பார்த்துப் போட வேண்டும். இரண்டாவது தவறு, படகு நகரவில்லை என்று ஒவ்வொருவரும் இன்னும் வேகமாக இழுப்பது. தாளம் உடைந்தால் பலம் எல்லாம் தண்ணீரைக் கலக்குவதற்கே போகும். மெதுவாக, ஆனால் ஒரே நேரத்தில் துடுப்பு இறங்கினால் படகு சட்டென்று எழும்பி ஓடும். அந்த வித்தியாசம் உட்கார்ந்திருப்பவருக்கு முதுகெலும்பிலேயே தெரியும்.

இதை மூன்று சுற்றாக ஓட்டுங்கள். ஒவ்வொன்றும் சுமார் 200 மீட்டர், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரட்டும். பெரும்பாலும் மேலாளர்கள் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார்கள், ஆளுக்கொரு கட்டளை பறக்கும். இரண்டாம் சுற்றில் பணியில் இளையவர்கள் இருவர் முதல் வரிசைக்கு வரட்டும், பாஸ் ஏழாவது அல்லது எட்டாவது வரிசைக்குப் போகட்டும். முரசுக்காரரைத் தவிர வேறு யாரும் வாய் திறக்கக்கூடாது என்பது கண்டிப்பான விதி. மூன்றாம் சுற்றுக்கு முன் கரையில் பத்து நிமிடம். இருக்கை வரிசையைக் குழுவே மாற்றிக்கொள்ளட்டும், அந்தப் பேச்சை முதல் வரிசை இருவர் நடத்தட்டும். பாஸுக்குக் கஷ்டம் இரண்டாம் சுற்றில்தான். முன்னால் தாளம் தப்புவது கண்ணெதிரே தெரியும், சொல்ல முடியாது, அதே தப்பான தாளத்துக்குத் தன் துடுப்பையும் போட வேண்டும். தன் குழுவினர் தினமும் செய்துகொண்டிருப்பது அதைத்தான்.

இதற்குப் பின்னால் பழைய ஆய்வு ஒன்று உண்டு. மாக்ஸ் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர், கயிறு இழுப்பவர்கள் எண்ணிக்கை கூடக் கூட ஆளுக்கு ஆள் போடும் பலம் குறைவதை அளந்து 1913-இல் வெளியிட்டார். காரணம் இரண்டு: எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை, மற்றவர் இழுப்பார் என்ற நினைப்பில் கை தளர்கிறது. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது ஒருவர் குரல் கொடுத்து இழுக்க வைப்பது முதல் காரணத்துக்கு மருந்து. இரண்டாவதற்கு, ஒவ்வொருவருடைய பங்கும் தனியாகத் தெரிய வேண்டும். கடற்கரையில் கயிறு இழுக்கும் போட்டி வைப்பதாக இருந்தால் நான்குக்கு நான்கு, பிறகு எட்டுக்கு எட்டு என்று வைத்துப் பார்க்கலாம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது; விரல் போய்விடும்.

நீச்சல் தெரியாதவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள் எல்லாக் குழுவிலும் உண்டு. அவர்களைக் கரையில் பைகளுக்குக் காவலாக உட்கார வைப்பது மோசமான ஏற்பாடு. நேரம் குறிப்பவர், இரண்டாம் சுற்றின் இருக்கை வரிசையை முடிவு செய்பவர், கரையிலிருந்து கவனித்து எழுதுபவர் என்று உண்மையான வேலை கொடுங்கள். பாதிப் பேருக்கு மேல் தண்ணீர் ஒத்துவராது என்றால் நடைக்கு மாறிவிடலாம். ஐந்தைந்து பேராகப் பிரிந்து ஃபோர்ட் கேனிங், கம்போங் கிளாம், கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் என்று எம்ஆர்டி ரயிலில் சுற்றி வரும் தேடல் விளையாட்டு, இரண்டரை மணி நேரத்துக்குள். ஒவ்வொரு இடத்திலும் தலைவர் மாற வேண்டும். பழைய தலைவர் வரைபடத்தைக் கொடுத்துவிட்டுக் கடைசி ஆளாக நடக்க வேண்டும்.

முழு நாள் கிடைத்தால் புலாவ் உபின் தீவு. வெளிப்புறச் சாகசப் பயிற்சி தரும் சிங்கப்பூரின் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளி 1967-இல் அங்கேதான் தொடங்கியது, அப்போது அமைச்சராக இருந்த டாக்டர் கோ கெங் சுவீயின் முயற்சியில். நம் நோக்கம் அவ்வளவு கடுமையானதல்ல. ஆனால் அந்தத் தீவு திட்டமிடலை நன்றாகச் சோதிக்கும். சாங்கி பாயிண்ட் படகு முனையத்திலிருந்து போகும் பம்போட் என்ற சிறு மோட்டார் படகில் 12 பேர்தான். கால அட்டவணை கிடையாது. 12 பேர் சேர்ந்தால் கிளம்பும், அல்லது மீதி இருக்கைக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தால் கிளம்பும். 30 பேர் போனால் என்ன ஆகும்? இரண்டு படகு நிறையும், ஆறு பேர் நிற்பார்கள். அந்த ஆறு பேர் யார், காத்திருப்பதா, பணம் கொடுப்பதா என்பதை முனையத்தில் நின்று விவாதித்தால் அரை மணி நேரம் போய்விடும். அதை அன்றைய முதல் புதிராகக் குழுவிடமே விட்டுவிடலாம். அங்கே போன பிறகு வாடகைச் சைக்கிளை எடுக்கும்போது பிரேக்கைப் பிடித்துப் பார்த்தே எடுக்க வேண்டும். செக் ஜாவா சதுப்புநிலத்தின் பலகைப் பாதையில் சைக்கிள் போகக்கூடாது, வாசலில் நிறுத்த வேண்டும். நீர் வற்றும் நேரத்தில் போனால்தான் கரையோர உயிரினங்களைப் பார்க்க முடியும். ஆகவே ஓத அட்டவணையைப் பார்த்து நாளைக் குறிக்கும் வேலையை ஒருவரிடம் ஒப்படையுங்கள். பிளாஸ்டிக் பையில் தின்பண்டம் வேண்டாம், குரங்கு பிடுங்கும். குழுவின் வேகத்தை முடிவு செய்வது கடைசியில் வரும் சைக்கிள்தான் என்பதை முன்னால் போகிறவருக்குச் சொல்லியே அனுப்புங்கள்.

வானிலை பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. காலையில் சுமத்ராப் புயல்காற்று, பருவமாற்ற மாதங்களில் பிற்பகல் இடிமழை. தண்ணீரில் இறங்கும் வேலையைக் காலை எட்டரைக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடிப்பது நல்லது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் உடனே கூரைக்குக் கீழே. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். அரசின் மைஇஎன்வி (myENV) செயலியில் மின்னல் எச்சரிக்கையும் வெப்ப அழுத்த நிலையும் தெரியும். அந்த வெப்ப அழுத்தக் குறியீடு (சாதாரண காற்று வெப்பநிலை அல்ல) 33 டிகிரியைத் தொட்டால் அதிக நிலை, ஓட்டப் போட்டியை விட்டுவிடுங்கள். 'நிறுத்து' என்று சொல்லும் அதிகாரம் ஒரே ஒருவரிடம் இருக்கட்டும், அது யார் என்பது காலையிலேயே எல்லோருக்கும் தெரியட்டும்.

கப்பல் பட்டறை, கட்டுமானம் போன்ற இடங்களில் தமிழ்த் தொழிலாளர்களும் பொறியாளர்களும் சேர்ந்து வருவார்கள். பாதுகாப்பு விளக்கம் ஆங்கிலத்தில் மட்டும் நடந்தால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஜோக்குக்கு ஒரு நொடி தாமதமாகச் சிரிப்பவருக்குப் புரியவில்லை என்று அர்த்தம். அவர்களில் ஒருவரையே எழுப்பி, லைஃப் ஜாக்கெட் வாரை எப்படி இறுக்குவது, படகு கவிழ்ந்தால் என்ன செய்வது என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தளத்தில் அவரைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாத பொறியாளர், அன்றைக்கு அவர் சொல்வதைக் கேட்டு வாரை இறுக்குவார்.

சாப்பாட்டுப் படிவத்தில் கட்டம் போட்டு டிக் அடிக்கச் சொல்லாமல், "எதைச் சாப்பிட மாட்டீர்கள்?" என்று ஒரு காலி வரி விடுங்கள். ஹலால் சான்றிதழ் உள்ள கேட்டரரிடம் சொல்லி, சைவத்துக்குத் தனி மேசை, தனிக் கரண்டி. தண்ணீர் அரை நாளுக்கு ஆளுக்கு ஒன்றரை லிட்டர்.

சாப்பாட்டுக்கு முன்னால்தான் பேச்சு, ஈரத் துணியோடவே, 25 நிமிடம். வயிறு நிறைந்தபிறகு ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். தேசியச் சேவை என்ற கட்டாயப் படைப்பணி செய்தவர்களுக்கு ஆஃப்டர் ஆக்‌ஷன் ரிவியூ பழக்கம்தான்: என்ன நடக்க வேண்டியது, என்ன நடந்தது, ஏன் மாறியது, அடுத்து என்ன. ஐந்தாறு பேர் கொண்ட வட்டங்களாக உட்காருங்கள். கரையில் எழுதியவர் முதலில் வாசிக்கட்டும், பாஸ் கடைசியில் பேசட்டும். "ஒத்துழைப்பு முக்கியம்" என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். எந்த நொடியில், யார், என்ன செய்தார் என்று கேளுங்கள். பிறகு அலுவலகத்துக்கு எடுத்துப்போக ஒரே ஒரு மாற்றம், அதற்கு ஒரு பெயர், ஒரு தேதி. படகில் முரசுக்காரர் மட்டும் பேசியது பலித்ததென்றால், மாதக் கடைசி சரக்கு அனுப்பும் நாளில் கிடங்குக்கு உத்தரவு கொடுப்பவர் ஒருவர் மட்டுமே என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஒருவர் விற்பனை மேலாளராக இருக்க வேண்டிய அவசியமில்லை.

அந்தத் தேதி வந்ததும் 15 நிமிடக் கூட்டம் போடுங்கள். நடத்த வேண்டியவர் முதல் வரிசையில் உட்கார்ந்த அந்த இளையவர்களில் ஒருவர். மாற்றம் நிலைக்கவில்லை என்றால், யார் பழையபடி நேரடியாகக் கிடங்குக்குப் போன் போட்டார் என்பதை அவர் கேட்பார். அந்தப் பெயர் மேலாளருடையதாகவே இருந்தாலும், பதில் சொல்லியாக வேண்டும்.