மஞ்சள் பால் வடியட்டும்

எங்கள் வீட்டுக் கொல்லையில், துணி துவைக்கும் கல்லை ஒட்டி, ஐந்து தெர்மாகோல் பெட்டிகள் வரிசையாக இருக்கும். ஐஸ் போட்டு மீன் ஏற்றி அனுப்புகிற அதே வெள்ளைப் பெட்டிகள், மூலை உடைந்து ஒதுக்கியவை. அடியில் ஓட்டை போட்டு, மணலும் ஆட்டுப்புழுக்கையும் நிரப்பி, அம்மா அதில் சோற்றுக்கற்றாழை வளர்க்கிறார். எங்கள் பக்கத்துத் தண்ணீருக்கு ரோஜா நிலைக்காது. கற்றாழை மட்டும் உப்புக்காற்றையும் வெயிலையும் வாங்கிக்கொண்டு மதமதவென்று நிற்கும். போன வருடம் அம்மாவின் கைகளுக்குக் குளிர்ச்சி கொடுத்தது இந்தச் செடிதான். அது என்ன செய்தது, எதைச் செய்யவில்லை என்று எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் பாம்பன் பக்கம். அம்மாவுக்கு 57 வயது. பத்து வயதிலிருந்து கடலில் இறங்கிப் பாசி எடுக்கிறார். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று எந்தப் பாசி எந்தப் பாரில் கிடைக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986ல் தேசியப் பூங்கா ஆன பிறகு போகக்கூடிய இடங்கள் குறைந்துவிட்டன. அதனால் கிடைக்கிற இடத்தில் அதிக நேரம் தண்ணீரிலேயே கிடக்க வேண்டியிருக்கிறது. பார் என்றால் பவளப்பாறை. விரலை வைத்தால் அறுக்கும். அதற்காகத் தலைமுறை தலைமுறையாக எங்கள் பெண்கள் பழைய சேலையைக் கிழித்து ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகச் சுற்றிக்கொண்டுதான் இறங்குவார்கள்.

போன வருடம் பொங்கலுக்கு முந்தி, துணி நழுவி அம்மாவின் சுண்டுவிரல் ஆழமாக அறுந்துவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. நான் தையல் வேலை செய்கிறேன். பொங்கல் சீசனில் வந்த காசில் நல்ல தடிமனான ரப்பர் கையுறை இரண்டு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். அம்மாவுக்குச் சந்தோஷம். படகில் எல்லாரிடமும் காட்டியிருக்கிறார்.

இரண்டு மூன்று வாரத்தில் அரிப்பு ஆரம்பித்தது.

பகலில் எப்படியோ சமாளித்துவிடுவார். ராத்திரிதான் பாவம். தூக்கத்திலேயே புறங்கையைக் கயிற்றுக் கட்டில் விளிம்பில் தேய்ப்பார். அந்தச் சரசரப்புக்கு நான் எழுந்துவிடுவேன். விளக்கைப் போட்டுப் பார்த்தால் கை சிவந்து, மணல் ஒட்டியதுபோலச் சின்னச் சின்னக் கொப்புளம். சில இடத்தில் தோல் வெடித்து நீர் கசிந்திருக்கும். அதோடு மறுநாள் உப்புத் தண்ணீரில் இறங்க வேண்டும்.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கருவாட்டை நிறுத்து என்றார்கள், நிறுத்தினார். சீமைக்கருவேலம் பூத்திருக்கிறது, அந்தத் தூள்தான் என்றார் பக்கத்து வீட்டு மதினி. கடலில் சொறி, அதாவது ஜெல்லி மீன், பட்டிருக்கும் என்று சித்தி சொன்னபோது அம்மாவே மறுத்துவிட்டார். “சொறி பட்டா சாட்டையால அடிச்ச மாதிரி கோடு கோடா விழும்டி. உடனே தீயா எரியும். இது அப்படி இல்ல.” நாற்பத்தைந்து வருடம் கடலில் கிடந்தவர் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும். (சொறி பட்டால் கற்றாழையைத் தேடி ஓடாதீர்கள். முதலில் கடல் தண்ணீரிலேயே கழுவ வேண்டும். நல்ல தண்ணீர் ஊற்றினாலும் மணலைப் போட்டுத் தேய்த்தாலும், தோலில் ஒட்டியிருக்கும் மிச்ச முட்களும் வெடித்து விஷத்தை இறக்கும்.)

ஒரு மருந்துக்கடையில் நிலைமையைச் சொன்னதும் ஒரு கிரீமை எடுத்துக் கொடுத்தார்கள். சீட்டு எதுவும் கேட்கவில்லை. மூன்று நாளில் கை பளிச்சென்று ஆனது. நிறுத்திய நான்காம் நாள் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது. அது வீரியமான ஸ்டீராய்டு கலந்த கிரீம் என்று பிறகுதான் தெரிந்தது. டாக்டர் அளவு சொல்லிப் போட்டால் அது மருந்து. நாமாக மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துபோகும். படர்தாமரை இருந்தால் அது வெளியே சரியாகத் தெரியாமலே பரவும். எங்கள் தெருவிலேயே முகத்துக்கு அதைப் போடுகிற பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். நினைத்தால் பயமாக இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் கற்றாழை. அதிலும் முதல் நாளே பெரிய தப்பு நடக்க இருந்தது. சித்தி மகனிடம் கற்றாழை வெட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டேன். அவன் ரயில் பாதை ஓரம் போய், வாள் மாதிரி நீண்ட இரண்டு மடலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அது ரயில் கற்றாழை, நார் எடுப்பது. பேர்தான் கற்றாழை, குணம் வேறு. அதன் சாற்றில் கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியான படிகங்கள் உண்டு. நல்ல தோலில் பட்டாலே அரித்துத் தடித்துவிடும். புண்ணான கையில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்! அம்மா பார்த்த உடனே தள்ளி வைத்துவிட்டார். அடையாளம் சுலபம். நுனியில் கறுப்பாகக் கெட்டியான முள் இருந்து, ஒடித்தால் நார் நாராக வந்தால் அது வேண்டாம். சோற்றுக்கற்றாழை மடலை ஒடித்தால் வெள்ளரிக்காய் போல மடக்கென்று ஒடியும். உள்ளே கண்ணாடி மாதிரிச் சோறு. ஓரத்து முள்ளும் பெரிதாகக் குத்தாது.

அம்மா செய்த விதத்தை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் தவறுவது இங்கேதான். செடியின் அடிப்பக்கத்தில் முற்றிய மடல் ஒன்றை அறுத்தார். அறுத்த வாயிலிருந்து உடனே மஞ்சளாக ஒரு பால் கசிந்தது. கசப்பு வாடை. ஒரு டம்ளரில் வெட்டுவாய் கீழே இருக்கும்படி மடலைச் சாய்த்து வைத்துவிட்டு, வீட்டைக் கூட்டப் போய்விட்டார். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் டம்ளர் அடியில் அரை ஸ்பூன் அளவுக்கு மஞ்சள் தண்ணீர். அந்தப் பாலைக் காய்ச்சி இறுக்கியதுதான் நாட்டு மருந்துக் கடையில் கறுப்புக் கட்டியாகக் கிடைக்கும் மூசாம்பரம். வயிற்றுக்குப் போனால் பேதியாகும், தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும். கற்றாழை போட்டேன், இன்னும் அதிகமாக அரித்தது என்று சொல்பவர்களில் பலர் இந்தப் பாலோடு சேர்த்துத் தேய்த்தவர்கள்தான் என்பது என் எண்ணம்.

பால் வடிந்த பிறகு, இரண்டு ஓர முள்ளையும் அரை விரற்கடை உள்ளே தள்ளித் தாராளமாகச் சீவினார். மேல் தோலை எடுத்தார். சோற்றை ஏழு தண்ணீர் விட்டு அலச வேண்டும் என்பது அப்பத்தா காலத்து வழக்கம். எங்கள் ஊரில் நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம், ஏழு தண்ணீருக்கு எங்கே போவது? நன்றாக வடியவிட்டால் மூன்று தண்ணீர் போதும் என்று அம்மா கண்டுபிடித்தார். வழுவழுப்பு இருக்கும், கசப்பு இருக்காது. நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்து, துப்பிவிட்டு, “சரி, ஆச்சு” என்பார். அலசிய தண்ணீர் திரும்பச் செடிக்கே.

முதல் நாள் கையில் போடவில்லை. முழங்கைக்கு உள்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவு தடவி ஒரு நாள் விட்டுப் பார்த்தோம். கற்றாழையே ஒத்துக்கொள்ளாத உடம்பும் உண்டு. ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் சாயங்காலம் கடலிலிருந்து வந்ததும், இரண்டு செம்பு நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கையை அலசி, ஒற்றித் துடைத்து, வெடிப்பு இல்லாத இடங்களில் மட்டும் சோற்றைத் தடவினோம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு “ஏ… ஜில்லுன்னு இருக்கு” என்று நீட்டிச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அந்தச் சோறு கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர்தான். அது காயும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காய்ந்ததும் இழுக்கிற மாதிரி இருந்தால் மேலே லேசாகத் தேங்காய் எண்ணெய். அன்றைக்கு ராத்திரி கட்டில் சரசரக்கவில்லை. நான் விழித்துக்கொண்டே கிடந்தேன், அம்மா தூங்கினார்.

ஆனால் நிற்கவில்லை. கடலுக்குப் போகாத வாரம் அடங்கும், போனால் திரும்ப வரும். அதனால் பாசிதான் காரணம் என்று எல்லாரும் முடிவே கட்டிவிட்டார்கள். இந்த வயசில் வேலையை விட்டுவிடு என்று நானும் சொன்னேன். அம்மா பதில் சொல்லாமல் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ராமநாதபுரத்தில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். அவர் இரண்டு கையையும் மேஜை மேல் வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பேனா நுனியால் மணிக்கட்டுக்கு மேலே காட்டினார். சிவப்பு அங்கே கோடு கிழித்ததுபோல நின்றது. அதற்கு மேலே சுத்தமான தோல். “பாசி கால்லயும்தான படுது? கால் நல்லா இருக்கே. கையில என்ன போடுறீங்க?”

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நான் வாங்கிக் கொடுத்த கையுறை.

ரப்பரை இறுக்கமாக்கப் பலவித ரசாயனங்கள் சேர்ப்பார்களாம். சிலர் தோலுக்கு அது ஆகாது. இந்த வகை ஒவ்வாமை பட்ட உடனே காட்டாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கிளம்பும். அதனால்தான் எங்களுக்குப் பிடிபடவில்லை. அளவாகக் களிம்பு எழுதிக் கொடுத்து, எத்தனை நாள், எப்படிக் குறைப்பது என்று சொன்னார். கற்றாழையைப் பற்றிக் கேட்டேன். எரிச்சல் இல்லையென்றால் போடுங்கள், நீர் கசியும் இடத்தில் வேண்டாம், அது அரிப்பைத் தணிக்கும், காரணத்தை எடுக்காது என்றார். உதடு, கண் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ கற்றாழை, களிம்பு எதற்கும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்பதை இரண்டு தரம் சொன்னார்.

கையுறை போனது. நாலு வாரத்தில் தோல் வெடிப்பு மூடியது. பழைய ஜீன்ஸ் துணியில், நீர் ஊறினாலும் நழுவாதபடி, பத்து விரலுக்கும் அளவெடுத்துத் தனித்தனி உறை தைத்துக் கொடுத்தேன். எலாஸ்டிக் வைக்கவில்லை, அதிலும் ரப்பர் இருக்கிறதே. நாடா வைத்துக் கட்டுகிற மாதிரி. பாறையில் ஒரு மாதம் தாங்குகிறது. இப்போது படகில் வரும் ஆறு பேருக்குத் தைக்கிறேன், துணி அவர்களே கொண்டுவருகிறார்கள்.

கற்றாழையும் கூடவே ஊருக்குள் போய்விட்டது. பக்கத்தில் விடுகிற கன்றுகளைப் பிரித்து அம்மா கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கூடப் பாசி எடுக்கும் அக்கா ஒருவர் வந்தார். கழுத்தில் கவரிங் செயின் பட்ட இடமெல்லாம் தடித்திருந்தது. செயினைக் கழற்றச் சொல்லிவிட்டு அம்மா ஒரு மடலை அறுத்து டம்ளரில் சாய்த்தார். அந்த அக்காவுக்கு அவசரம், அப்படியே கொடு மதினி என்று கையை நீட்டினார். அம்மா டம்ளரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னார்: “உக்காரு. பால் வடியட்டும். அதுக்குள்ள டீ போடுறேன்.”