தோற்றவர் பக்கம் உட்கார்ந்து போர்களைப் படித்த கதை

வரலாறு படிப்பவர்களில் பலருக்குப் போர்கள் என்றாலே அலுப்பு. ஆண்டு, இடம், மோதியவர்கள், வென்றவர் என்று நான்கு கட்டம் போட்டு மனப்பாடம் செய்வார்கள். தேர்வறையில் 1187-ம் 1260-ம் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். முதுகலைத் தேர்வுக்காகப் போர் வரலாற்றைப் படித்தபோது எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு கேள்வி: தோற்ற தளபதி, அன்று காலையில், நாம்தான் ஜெயிப்போம் என்று எதை வைத்து நம்பினார்?

‘அவருக்கு அறிவில்லை’ என்று பதில் சொல்லிவிட்டால் படிப்பு அங்கேயே நின்றுவிடும். கொஞ்சம் தோண்டினால், பெரும்பாலும் அவர் கையில் நியாயமான ஒரு காரணம் இருந்திருக்கும். அது முந்தைய போர் ஒன்றிலிருந்து வந்திருக்கும்.

கி.மு. 216-ல் நடந்த கன்னே போரை எடுத்துக்கொள்ளுங்கள். ரோமானியரிடம் சுமார் 80,000 காலாட்கள். எதிரில் நின்ற கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலிடம் அதில் பாதிதான். குதிரைப்படையில் மட்டும் அவர் கை ஓங்கியிருந்தது. ரோமானியர்கள் அணியை அகலமாக விரிக்காமல் ஆழமாக அடுக்கினார்கள். பாடநூல்கள் இதைத் ‘தவறான வியூகம்’ என்று ஒரு வரியில் கடந்துவிடும். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் திரேபியா ஆற்றங்கரையில் ரோமானியப் படை தோற்றபோதும், நடுவில் நின்ற சுமார் 10,000 பேர் எதிரி அணியைப் பிளந்துகொண்டு வெளியேறியிருந்தார்கள். நடுப்பகுதியை இன்னும் கனமாக்கினால் மொத்தமாகப் பிளந்துவிடலாம் என்று நினைத்தது அப்படியொன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை. ஹன்னிபாலோ நடுவை விட்டுக்கொடுக்கவே அணிவகுத்திருந்தார். அவருடைய கௌல் (Gaul) இன வீரர்களும் ஸ்பானியர்களும் மெல்லப் பின்வாங்க, ரோமானியர் உள்ளே உள்ளே போனார்கள். இரு பக்கமும் நின்ற ஆப்பிரிக்கக் காலாட்கள் உட்புறம் திரும்பினார்கள். பின்னாலிருந்து குதிரைப்படை வந்து வாயை அடைத்தது. நெரிசலில் வாளை ஓங்கவே இடமில்லை. எந்தப் பலத்தை நம்பி வந்தார்களோ, அதுவே அவர்களைக் கொன்றது. இதைப் புரிந்துகொண்டபின் அந்த வியூகத்தை நான் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஹத்தீன் போர், 1187, இன்னும் சுவாரசியம். சிலுவைப்போர்க் காலம். எகிப்து, சிரியாவின் சுல்தான் சலாஹுத்தீன் திபேரியா நகரை முற்றுகையிடுகிறார். ஜெருசலேம் மன்னர் கீ டி லூசிஞான் ஊற்று நீர் உள்ள பாதுகாப்பான முகாமில் இருக்கிறார். ஜூலை வெயிலில், வழியில் போதிய தண்ணீர் இல்லாத மேட்டு நிலத்தைக் கடந்து போகக்கூடாது என்று திரிப்போலி பிரபு ரேமண்ட் எச்சரிக்கிறார். இத்தனைக்கும் முற்றுகைக்குள் சிக்கியிருந்தது ரேமண்டின் மனைவி! மன்னர் கேட்கவில்லை. தாகத்தில் தவித்த அவர் படையைச் சுற்றிக் காய்ந்த புல்லுக்கும் சலாஹுத்தீனின் ஆட்கள் தீ வைத்தார்கள். ஜூலை 4-ல் எல்லாம் முடிந்தது. ஏன் போனார்? 1183-ல் இதே மன்னர், அப்போது பொறுப்பாட்சியாளர், சலாஹுத்தீனுடன் மோதாமல் காத்திருந்தார். படை சேதமில்லாமல் தப்பியது. அவருடைய பதவி பறிபோனது. நான்கு ஆண்டு கழித்து மறுபடி ‘காத்திருப்போம்’ என்று சொல்ல அவருக்குத் துணிவு வந்திருக்குமா? ஹத்தீனைப் பற்றி எழுதும்போது தண்ணீரோடு இந்த அரசியலையும் சேர்த்து எழுதுங்கள். விடைத்தாளின் தரமே மாறும்.

ஸ்டாலின்கிராடும் இதே வகைதான். 1942 நவம்பரில் சோவியத் படைகள் ஜெர்மனியின் 6-ஆம் படையை வளைத்தன. விமானத்தில் உணவும் குண்டும் அனுப்பிக் காப்பாற்றலாம் என்று ஜெர்மன் தலைமை நம்பியதற்கு, அதே ஆண்டு தெம்யான்ஸ்கில் சுமார் ஒரு லட்சம் பேரை அப்படிக் காப்பாற்றிய அனுபவம் ஒரு காரணம். ஸ்டாலின்கிராடில் சிக்கியவர்கள் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். கேட்டது நாளுக்கு 500 டன். சராசரியாக அதில் பாதிகூடப் போய்ச் சேரவில்லை.

எல்லாப் போரையும் இந்தச் சட்டையில் திணிக்காதீர்கள். அஜின்கோர்ட்டில், 1415-ல், பிரெஞ்சுக்காரர்கள் பாடம் கற்காதவர்கள் அல்ல. 1346-ல் கிரெஸியில் குதிரையோடு பாய்ந்து ஆங்கிலேயர் அம்புக்கு இரையானதால், இம்முறை பெரும்பாலோர் இறங்கி நடந்தே வந்தார்கள். மழையில் ஊறிய உழுத வயலில், முழுக் கவசத்தோடு! அங்கே விடை மண்ணில் இருக்கிறது. அதனால் எந்தப் போரானாலும் முதலில் கையால் ஒரு வரைபடம் போடுங்கள். ஆறு எந்தப் பக்கம், மேடு எங்கே, தண்ணீர் யாரிடம் என்பது தெரிந்தால் போதும், அழகு தேவையில்லை.

எண்ணிக்கை விஷயத்தில் உஷார். கன்னேயில் இறந்த ரோமானியர் சுமார் 70,000 என்கிறார் பண்டைய வரலாற்றாசிரியர் போலிபியஸ். இன்னொரு வரலாற்றாசிரியர் லிவி 48,000 அளவில் நிற்கிறார். முதலாம் பானிபட்டில், 1526-ல், இப்ராகிம் லோதியிடம் ஒரு லட்சம் பேரும் ஆயிரம் யானையும் இருந்ததாக எழுதியது வென்ற பாபரே. தன் பக்கம் பணியாட்களையும் சேர்த்து 12,000 பேர்தான் என்றும் அவரே எழுதுகிறார். எண்ணைச் சொல்லும்போது சொன்னவர் பெயரையும் சொன்னால் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

நேரம் குறைவாக இருந்தால் சண்டை வர்ணனையைச் சுருக்குங்கள், பின்விளைவைச் சுருக்காதீர்கள். கன்னேயில் அவ்வளவு வென்றும் ரோம் பணியவில்லை. கப்புவா போன்ற இத்தாலிய நகரங்கள் கட்சி மாறினாலும் ரோம் நிறுவிய லத்தீன் குடியேற்ற நகரங்கள் மாறவில்லை. கி.மு. 202-ல் ஸாமாவில் தோற்றது ஹன்னிபால்தான். தேர்வில் அடிக்கடி கேட்பது இந்தப் பகுதியைத்தான்.

பயிற்சிக்கு வாட்டர்லூவை விட்டுவைத்திருக்கிறேன். 1815 ஜூன் 16-ல் லிக்னியில் நெப்போலியன் பிரஷ்யர்களை முறியடித்தார். இனி அவர்கள் உடனே திரும்ப மாட்டார்கள் என்று கணக்குப் போட்டார். அங்கிருந்து தொடங்கி 18-ஆம் தேதி மாலைவரை வரைபடத்தோடு எழுதிப் பாருங்கள்.