காசில் மட்டும் எஞ்சிய ரோம்

பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ரோமன் ஃபோரத்தில் ஜேனஸ் என்ற கடவுளின் கோயிலைத் தேடிப் போகிறவர்களுக்குக் காணக் கிடைப்பது வெறும் தரைதான். செனட் கூடிய கியூரியா மண்டபத்துக்கு அருகே அது இருந்ததாகப் பழைய நூல்கள் சொல்கின்றன. இன்று அடையாளம் காட்ட ஒரு சுவர்கூட இல்லை. இருந்தும் அதன் கதவுக்கு மேலே தொங்கிய மாலை வரை நாம் அறிந்திருப்பதற்குக் காரணம், நீரோ மன்னன் கி.பி. 65-ஐ ஒட்டி வெளியிட்ட செஸ்டர்ஷியஸ் காசுகள். அத்தகைய சில காசுகளின் படங்களைக் கைபேசியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்திலேயே நின்று பார்த்தேன்.

வெண்கலக் காசு என்று பொதுவாகச் சொன்னாலும், அகஸ்டஸ் காலம் முதல் செஸ்டர்ஷியஸ் செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையில் அடிக்கப்பட்டது. ஏறக்குறைய 25 கிராம் எடையும் 3 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அகலமும் இருந்ததால், சிறிய பொற்காசில் கிடைக்காத இடம் அச்சு செதுக்கியவருக்கு இதில் கிடைத்தது. ஜேனஸ் காசில் சாத்திய இரட்டைக் கதவும், ஒரு பக்கச் சுவரும், அதில் கம்பியிட்ட சாளரமும் தெரிகின்றன. போர்க்காலத்தில் அக்கதவுகள் திறந்திருக்கும், அமைதி நிலவினால் அடைக்கப்படும் என்பது மரபு. நிலத்திலும் கடலிலும் ரோமானிய மக்களுக்கு அமைதி கிட்டியதால் மன்னன் கதவை அடைத்தான் என்று விளிம்பைச் சுற்றி எழுத்து ஓடுகிறது. அரசு விளம்பரங்களுக்கே உரிய அவசரம்! 66-ஆம் ஆண்டிலேயே ரோமின் ஆட்சிக்குட்பட்ட யூதேயாவில் கிளர்ச்சி வெடித்துவிட்டது.

ஜேனஸ் காசுக்குப் புதியவர் அல்லர். தெர்மினி ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள பலாட்சோ மாசிமோ அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில், நீரோவுக்கு மூன்று நூற்றாண்டுகள் முந்திய கனத்த வார்ப்புக் காசுகளைப் பார்க்கலாம். ஒருபுறம் ஜேனஸின் இரட்டை முகம், மறுபுறம் கப்பலின் முன்பகுதி. நம் பிள்ளைகள் பூவா தலையா போடுவதுபோல ரோமச் சிறுவர்கள் இதைச் சுண்டி 'தலையா கப்பலா' என்று கேட்டார்களாம்.

அந்தக் கிளர்ச்சியை அடக்கியபோது யூதேயாவில் கவர்ந்த செல்வத்தைக் கொண்டே கொலோசியம் எழுந்தது. பேரரசர் டைட்டஸ் 80-ஆம் ஆண்டையொட்டி வெளியிட்ட காசு அதை வானிலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் காட்டுகிறது: வெளிச்சுவரின் வளைவுகளுக்குள் சிலைகள், உள்ளே புள்ளி புள்ளியாக நெருக்கியடித்த கூட்டம். இப்போது அந்த வளைவுகள் வெறுமையாக இருக்கின்றன. காசில் கட்டடத்தை ஒட்டிக் கூம்பு வடிவில் நிற்பது மெத்தா சூதான்ஸ் என்ற நீரூற்று. இருபதாம் நூற்றாண்டு வரை தப்பியிருந்த அதன் இடிபாட்டை, முசோலினி ஆட்சியில் 1936-இல் சாலைக்காக அகற்றிவிட்டார்கள். பத்தொன்பது நூற்றாண்டுகளாகக் காலம் செய்யாததைச் சாலைப்பணி செய்தது.

இந்தப் படங்களை எவ்வளவு நம்பலாம் என்பதற்குப் பேரரசர் டிராஜனின் தூண் நல்ல சோதனை. அதைக் காட்டும் காசில் தூணின் உச்சியில் நிற்பவர் டிராஜன். இன்று நிற்பவர் 1587-இல் ஏற்றப்பட்ட புனித பேதுரு. ஆனால் பீடத்தின் மூலைகளில் காசு காட்டும் கழுகுகளைக் கல்லிலும் தேடினேன். சிதைந்திருந்தாலும் அங்கேயே இருக்கின்றன.