கிழங்கு வந்த அன்றே

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் வழியில் உள்ள ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் பதினோரு வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். முதல் சில வருடங்கள் வேலையைத் தள்ளிப்போடும் பழக்கம் என்னிடம் இருந்தது. அது சோம்பல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக்கிழங்கு, லாரி வந்தால் எடை போட்டு, பாயிண்ட் பார்ப்பார்கள். பாயிண்ட் என்பது கிழங்கில் உள்ள மாவுச்சத்தின் அளவு. அதை வைத்துத்தான் விவசாயிக்கு விலை. ஒரு தை மாதம் ஒரு லோடுக்குச் சீட்டில் 26 என்றும் மேஸ்திரியின் நோட்டில் 28 என்றும் இருந்தது. எது சரி என்று மேஸ்திரியிடம் கேட்க வேண்டும், அப்புறம் முதலாளியிடம் சொல்ல வேண்டும். முதலாளி சட்டென்று கோபப்படுவார். சீட்டை எடுத்து டிராயரில் வைத்துவிட்டேன்.

அந்த நாட்களில் நான் சும்மா இருக்கவில்லை. 11ஆம் தேதி, 20ஆம் தேதி என்று கெடு வைத்த ஜிஎஸ்டி கணக்குகளை முன்னதாகவே முடித்தேன். பழைய பைல்களை எல்லாம் அடுக்கினேன். அந்த ஒரு சீட்டை மட்டும் தொடவில்லை.

பத்தொன்பது நாள் ஆனது. வாழப்பாடிப் பக்கத்திலிருந்து அந்த விவசாயி பஸ் ஏறி இரண்டாவது முறையாக வந்தார். சத்தம் போடவில்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, "பாப்பா, பையனுக்குப் பரீட்சைப் பணம் கட்டணும். இன்னைக்காவது ஆகுமா?" என்றார். "முதலாளி வரணுங்க" என்று சொல்லிவிட்டேன். அது பொய். இன்றும் நினைத்தால் மனசு கனக்கிறது.

அவர் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே மேஸ்திரிக்குப் போன் செய்தேன். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. 28தான் சரி. முதலாளியிடம் சொன்னேன். "சரி, அதுக்கே போட்டுடும்மா" என்றார், அவ்வளவுதான்.

தள்ளிப்போடுவது நேரத்தைப் பற்றிய சிக்கல் என்பதைவிட மனநிலையைப் பற்றிய சிக்கல் என்று ஃபியூஷியா சிரோயிஸ், டிமோத்தி பிச்சில் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2013இல் எழுதினார்கள். கசப்பான உணர்வு அந்த நேரத்துக்குத் தணிந்தால் போதும் என்று வேலையை ஒதுக்குகிறோம் என்பது அவர்கள் கருத்து. பின்னாளில் இதைப் படித்தபோது அந்த டிராயர்தான் ஞாபகம் வந்தது. எனக்கு நேரம் போதாமல் போகவில்லை, முதலாளி முகத்தைப் பார்க்கத்தான் பயந்தேன்.

ஆலைக்குள் யாரும் கிழங்கைத் தள்ளிப்போடுவதில்லை. பிடுங்கி இரண்டு நாள் கிடந்தால் உள்ளே கறுப்புக் கோடு ஓடும், மாவு குறையும். அதனால் வந்த லோடை அன்றே தோலுரித்து அரைத்து, மாவுப்பாலைத் தொட்டியில் விட்டுவிடுவார்கள். என் சீட்டு கறுக்கவில்லை, அதனால் கிடந்தது.

அதன்பிறகு சில வழிகளை முயன்று பார்த்தேன். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்று பிரான்செஸ்கோ சிரில்லோ சொன்ன முறை சீசனில் எனக்கு ஒத்துவரவில்லை; பத்து நிமிடத்துக்கு ஒரு லாரி வந்து நிற்கும். எனக்கு உதவியது வேறு. 'எப்போது இது நடக்கிறதோ அப்போது இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்ல பலன் தரும் என்பதைப் பீட்டர் கோல்விட்சர் ஆய்ந்து 1999இல் எழுதியிருக்கிறார். நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: சீட்டும் நோட்டும் ஒத்துப்போகவில்லை என்றால், லாரி எடைமேடையை விட்டு இறங்கும் முன் எழுந்து மேஸ்திரியிடம் போவேன். விவசாயியும் அங்கேயே நிற்பார், மூன்று பேரும் ஒன்றாகப் பார்த்துவிடலாம். முதலாளியிடம் சொல்லத் தயங்குகிற விஷயம் எதுவானாலும் காலையில் அவர் டீ குடிக்கும்போதே சொல்லிவிடுவேன். இன்றும் சில நாள் கை டிராயர் பக்கம் போகிறது. அப்போது எழுந்து நின்றுகொள்கிறேன். உட்கார்ந்திருந்தால் மனசு காரணம் தேட ஆரம்பித்துவிடும்.

அடுத்த சீசனில் அந்த விவசாயி லோடு கொண்டுவந்தார். "அன்னைக்கு லேட் ஆனதுக்கு முதலாளி காரணம் இல்லீங்க, நான்தான்" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். அப்புறம் சீட்டை வாங்கி, கண்ணாடி எடுத்து வரவில்லை என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"பாயிண்ட் எத்தனை போட்டிருக்குன்னு படி பாப்பா."

படித்துக் காட்டினேன்.