டெர்ரி ஹால் கிளம்பும் காலை

புகையிலை எச்சரிக்கை என்றால் நமக்கு சினிமாவில் ஹீரோ சிகரெட் பற்ற வைக்கும்போது மூலையில் வரும் வரிதான், அதை யார் படிக்கிறார்கள்? அமெரிக்காவில் 2012-ல் அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் முன்னாள் புகைபிடிப்பவர்களையே கேமரா முன் பேச வைத்தது. அதில் ஒருவர் வட கரோலினாவின் டெர்ரி ஹால். பள்ளி நாட்களில் பிடித்த சிகரெட், 40 வயதில் தொண்டைப் புற்றுநோய், குரல்வளை போய்விட்டது. விளம்பரத்தில் அவர் காலையில் கிளம்புவது எப்படி என்று காட்டுகிறார்: பல் செட், அப்புறம் விக், அப்புறம் கழுத்துத் துளையில் பேசுவதற்கான கருவி, அதை மறைக்க ஒரு ஸ்கார்ஃப், அவ்வளவுதான், ரெடி. அழுகை இல்லை, அறிவுரை இல்லை, கரகரத்த குரலில் அழகுக் குறிப்பு மாதிரி சொல்லிக்கொண்டே போகிறார், எனக்கு அதுதான் தூக்கிவாரிப் போட்டது. 2013-ல், 53 வயதில் இறந்துவிட்டார். இன்னொன்று, பயமுறுத்தியதோடு நிற்காமல், சிகரெட்டை விட நினைப்பவர்கள் கூப்பிட இலவச போன் நம்பரையும் கொடுத்தார்கள்.