சிறிய அரசு சட்டக் கல்லூரியில் படிப்பது

சட்டம் படிக்க விரும்பும் இளைஞர்கள் என்னிடம் ஆலோசனை கேட்க வரும்போது, பேச்சு பெரும்பாலும் கல்லூரியின் பெயரைச் சுற்றியே நடக்கிறது. தரவரிசையில் அது எங்கே இருக்கிறது, பெரிய சட்ட நிறுவனங்கள் அங்கே ஆள் எடுக்க வருகின்றனவா, புகழ்பெற்ற வழக்குரைஞர்களில் யார் யார் அங்கே படித்தவர்கள் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். நான் படித்தது, இந்தக் கேள்விகள் எதற்கும் எடுப்பான பதில் இல்லாத, அரசுப் பணத்தில் நடக்கும் ஒரு சிறிய சட்டக் கல்லூரி. அங்கே எனக்குக் கிடைத்தவற்றுள் தலையாயது எது என்று கேட்டால், முழுமையாக வாசிக்காத தீர்ப்பைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்ற பழக்கம் என்றுதான் சொல்வேன். அந்தப் பழக்கத்துக்கும் கல்லூரியின் அளவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பது என் உறுதியான கருத்து. அதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

1870இல் ஹார்வர்ட் சட்டப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற கிறிஸ்டோபர் கொலம்பஸ் லாங்டெல், ஆசிரியர் விரிவுரை ஆற்றுவதும் மாணவர் குறிப்பெடுப்பதுமாக இருந்த முறையை மாற்றி, மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் தீர்ப்புகளையே பாடமாக வைத்தார். மாணவர்கள் தீர்ப்பை முன்கூட்டியே வாசித்துவிட்டு வர வேண்டும். ஆசிரியர் ஒருவரை எழுப்பி, வழக்கின் சங்கதிகள் என்ன, நீதிமன்றம் எந்தக் கேள்விக்கு விடை தந்தது, எந்தக் காரணத்தால் தந்தது, சங்கதிகளில் ஒன்றை மாற்றினால் அந்த விடை நிற்குமா என்று அடுத்தடுத்துக் கேட்பார். தீர்ப்புகள் வழியாகவே சட்டம் வளரும், இங்கிலாந்தில் தோன்றிய பொதுச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளின் வகுப்பறைகளில் இந்த முறை ஏதோ ஒரு வடிவத்தில் இன்றும் இருக்கிறது. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்டோர் அமர்ந்திருக்கும் அரங்கில் ஒரு மாணவரின் முறை வருவது அரிது. வராத நாள்களில் அவர் என்ன வாசித்தார் என்பது அவருக்கு மட்டுமே தெரிந்த செய்தி. எங்கள் வகுப்பு ஒரு சாதாரண அறைக்குள் அடங்கிவிடும். ஆசிரியருக்கு ஒவ்வொருவரின் பெயரும் தெரியும். சென்ற வாரம் யார் எந்த இடத்தில் தடுமாறினார் என்பதும் நினைவிருக்கும். கடைசி வரிசை என்ற ஒன்றே இல்லாத அறையில் வாசிக்காமல் வந்து அமர்வது இயலாத காரியமாக இருந்தது.

அந்த அறையில் டோனோகு எதிர் ஸ்டீவன்சன் வழக்கை நாங்கள் படித்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உலகில் எங்கே சட்டம் படித்தவரிடம் பேசினாலும் பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும் வழக்கு அது. 1928 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில், மே டோனோகு என்ற பெண்ணுக்கு அவருடைய தோழி ஓர் உணவகத்தில் இஞ்சி பீர் வாங்கித் தந்தார். உள்ளே இருப்பது தெரியாத நிறக் கண்ணாடிப் புட்டி. மிச்சத்தை ஊற்றியபோது அழுகிய நத்தை ஒன்று வெளியே வந்ததாகவும், அதனால் தமக்கு உடல்நலம் கெட்டதாகவும் அவர் வழக்குத் தொடுத்தார். பானத்தை விலை கொடுத்து வாங்கியவர் தோழி என்பதால் டோனோகுவுக்கு யாரோடும் ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லாத நிலையில் தயாரிப்பாளரான ஸ்டீவன்சன் அவருக்குப் பொறுப்பேற்க வேண்டுமா என்பதே கேள்வி. 1932 மே மாதம், அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், பொறுப்பேற்க வேண்டும் என்று தீர்மானித்தது. நம் செயலால் பாதிக்கப்படுவார் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய எவரும் சட்டத்தின் பார்வையில் நம் அண்டை வீட்டார்தான் என்று நீதிபதி ஆட்கின் பிரபு எழுதிய பகுதி, கவனக்குறைவால் பிறருக்கு நேரும் தீங்குக்குப் பொறுப்பைச் சொல்லும் கவனமின்மைச் சட்டத்தின் அடித்தளமாக ஆயிற்று.

பாடநூல் இவ்வளவோடு நின்றுவிடும். எங்கள் ஆசிரியர் நிற்கவில்லை. புட்டிக்குள் நத்தை இருந்தது என்று நீதிமன்றம் எங்கே கண்டறிந்தது, அந்தப் பத்தியைக் காட்டுங்கள் என்று முதல் நாளே கேட்டார். எல்லோரும் பக்கங்களைப் புரட்டினோம். அப்படி ஒரு பத்தி கிடையாது. மனுவில் சொல்லப்பட்டவை உண்மை என்று வைத்துக்கொண்டால் வழக்குத் தொடர இடம் உண்டா என்ற தொடக்கநிலைக் கேள்வியை மட்டுமே பிரபுக்கள் சபை முடிவு செய்தது. நத்தை இருந்ததா என்பது எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவே இல்லை. ஒரு தீர்ப்பு எதை முடிவு செய்தது, எதை முடிவு செய்யவில்லை என்று பிரித்துப் பார்க்கும் பயிற்சி எனக்கு அன்று தொடங்கியது.

அடுத்த வகுப்பு, பெரும்பான்மையோடு உடன்படாத இரு நீதிபதிகளுக்கானது. பக்மாஸ்டர் பிரபுவின் மாறுபட்ட தீர்ப்பைப் பாடத்தொகுப்புகள் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்துவிடும். அதை முழுவதும் வாசித்து, அவர் தரப்பில் நின்று வாதிடும்படி எங்களிடம் சொல்லப்பட்டது. ஒப்பந்தத்துக்கு அப்பால் ஒரு படி செல்ல அனுமதித்தால் ஐம்பது படிகள் செல்வதை எப்படித் தடுப்பது என்பது அவருடைய கவலை. அந்தக் கவலை அத்தோடு மறைந்துவிடவில்லை என்பதை வேறு இரண்டு தீர்ப்புகளை வைத்து ஆசிரியர் காட்டினார். 1977இல் ஆன்ஸ் வழக்கில் குறைபாடுள்ள கட்டடங்கள் வரை நீட்டப்பட்ட பொறுப்பை, 1990இல் மர்ஃபி வழக்கில் அதே பிரபுக்கள் சபை திரும்பப் பெற்றுக்கொண்டது. தோற்றுப்போன வாதம் சட்டத்துக்குள் எத்தனை காலம் உயிரோடு இருக்கிறது என்பதை அறியாமல் சட்டம் படிப்பதில் பொருளில்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

எனக்கு எல்லாவற்றையும்விட ஆழமாகப் பதிந்தது வேறொரு செய்தி. டோனோகுவின் வழக்கறிஞர் வால்டர் லீச்மன், புட்டியில் செத்த எலி இருந்ததாகச் சொல்லப்பட்ட இதே மாதிரியான வழக்கில் 1929இல் தோற்றவர். தோற்ற சில வாரங்களுக்குள் இந்த வழக்கைத் தொடுத்தார். வழக்கு பிரபுக்கள் சபைக்குப் போன கட்டத்தில், எதிர்த்தரப்பின் செலவுக்குப் பிணைத்தொகை கட்ட டோனோகுவிடம் பணமில்லை. உடுத்திய துணியையும் இந்த மேல்முறையீட்டையும் தவிர்த்தால் ஐந்து பவுண்டு மதிப்புகூடத் தமக்கு இல்லை என்று அவர் பிரமாணப் பத்திரம் அளித்தார். ஏழை என்ற நிலையில் வழக்காட அனுமதி கிடைத்தது. பல நாடுகளில் நுகர்வோரைக் காக்கும் ஒரு விதி, கட்டணமும் பிணையும் செலுத்த முடியாத ஒருவருக்கு நீதிமன்றக் கதவு திறந்ததால் பிறந்தது. அரசுக் கல்லூரியில், குறைந்த கட்டணத்தில், வீட்டில் முதல் பட்டதாரிகளாக அமர்ந்திருந்த எங்களில் பலருக்கு அந்தப் பிரமாணப் பத்திரம் வரலாற்றுக் குறிப்பாக மட்டும் படவில்லை.

ஆசிரியர்கள் குறைவு என்பதால் ஒருவரே ஒப்பந்தச் சட்டத்தையும், ஒப்பந்தத்துக்கு வெளியே ஒருவர் பிறருக்கு இழைக்கும் தீங்குக்கு இழப்பீடு பற்றிய தீங்கியல் சட்டத்தையும், பிறகு சான்றுச் சட்டத்தையும் எடுத்தார். இதில் இழப்பு உண்டு; கடல்சார் சட்டம், வரிச் சட்டத்தின் நுட்பங்கள், அறிவுசார் சொத்துரிமை போன்ற விருப்பப் பாடங்கள் எங்களுக்கு ஏட்டளவில் மட்டுமே இருந்தன. மறுபுறம், முதலாம் ஆண்டில் படித்த வழக்கை மூன்றாம் ஆண்டில் சான்றின் கோணத்திலிருந்து மீண்டும் எடுத்து, இதை எப்படி நிரூபித்திருப்பீர்கள், யாரைச் சாட்சியாக அழைத்திருப்பீர்கள் என்று அதே ஆசிரியர் கேட்டபோது, தனித்தனித் தாள்களாகத் தேர்வெழுதிய பாடங்கள் ஒரே பொருளின் பல பக்கங்கள் என்று புரிந்தது.

நூலகம் சிறியது, சந்தா நின்றுபோன தீர்ப்புத் தொகுப்புகளும் பழைய பதிப்புகளும் அலமாரிகளை நிறைத்திருந்தன. கட்டணத் தரவுத்தளங்களை வாங்கும் வசதி கல்லூரிக்கு இல்லை. அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தவர்கள், சட்டம் பொதுச் சொத்து என்று நம்பிச் செயல்பட்டவர்கள். 1992இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சட்டத் தகவல் நிறுவனம், 1995இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ஆஸ்ட்லி, 2000இல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வந்த பெய்லி ஆகியவை சட்டங்களையும் தீர்ப்புகளையும் யாரும் கட்டணமின்றி வாசிக்கும்படி இணையத்தில் வைத்தன. 2002இல் மான்ட்ரியலில் இத்தகைய நிறுவனங்கள் கூடி, சட்டத் தகவல் மனிதகுலத்தின் பொது உடைமை என்று பிரகடனம் செய்தன. பெரிய கல்லூரி மாணவருக்கு இது கூடுதல் வசதியாக இருக்கலாம். எங்களுக்கு இதுதான் நூலகம். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கட்டணத் தளங்களில் ஒரு தீர்ப்பு பின்னாளில் ரத்து செய்யப்பட்டதா, வேறு நீதிமன்றம் அதிலிருந்து விலகியதா என்ற குறியீடு பக்கத்திலேயே இருக்கும். எங்களுக்கு அந்த வசதி இல்லாததால், ஒவ்வொரு தீர்ப்பின் பிற்கால வரலாற்றையும் நாங்களே தேடித் தொகுக்க வேண்டியிருந்தது. அதற்கு ஆன நேரம் அதிகம். ஆனால் ஒரு விதி எப்படி வளர்ந்தது, எங்கே வளைந்தது என்பது அந்தத் தேடலில்தான் மனத்தில் தங்கியது.

இனி சட்ட உதவி மையம். மருத்துவ மாணவர்கள் நோயாளிகளைப் பார்த்துக் கற்பதுபோலச் சட்ட மாணவர்களும் உண்மையான கட்சிக்காரர்களோடு அமர்ந்து கற்க வேண்டும் என்று அமெரிக்க அறிஞர் ஜெரோம் ஃபிராங்க் 1933இலேயே வலியுறுத்தினார். லாங்டெல்லின் முறை மேல்முறையீட்டுத் தீர்ப்பில் தொடங்குகிறது. அங்கே சங்கதிகள் ஏற்கெனவே ஒழுங்குபடுத்தப்பட்டு, தேவையற்றவை நீக்கப்பட்டிருக்கும். எங்கள் மையத்துக்கு வந்தவர்களின் பிரச்சினைகள் அப்படி வருவதில்லை. சம்பளப் பாக்கி என்று சொல்லத் தொடங்கியவர் பேச்சின் பாதியில் வேலையிடத்து விபத்தைக் குறிப்பிடுவார். வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று வந்த மூதாட்டியின் கையில் இருக்கும் ஒரே ஆவணத்தில் அவருடைய பெயர் தவறாக இருக்கும். இடைமறிக்காமல் கேட்டு, பிறகு தேதிவாரியாக எழுதி, அதில் சட்டம் தொடக்கூடிய இடம் எது என்று கண்டுபிடிப்பதைப் பேராசிரியரின் மேற்பார்வையில் செய்தோம். மாணவர் எண்ணிக்கை குறைவு என்பதால் இறுதியாண்டு வரை காத்திருக்கத் தேவையில்லாமல், இடையாண்டுகளிலேயே ஒவ்வொருவருக்கும் கோப்புகள் வந்தன.

அந்த மையத்தில் அமர்ந்திருந்த காலத்தில்தான் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியனின் வழக்கைப் படித்தேன். ஃபுளோரிடாவில் 1961இல் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்து நுழைந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட அவர், தமக்கு வழக்கறிஞர் வேண்டும் என்று கேட்டார், மறுக்கப்பட்டது. தாமே வாதாடித் தோற்று, சிறையிலிருந்து பென்சிலால் எழுதிய மனுவை அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1963 மார்ச்சில், கடுமையான குற்றச்சாட்டை எதிர்கொள்ளும் வசதியற்றவருக்கு மாநிலம் வழக்கறிஞரை அமர்த்தித் தர வேண்டும் என்று நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மறுவிசாரணையில் வழக்கறிஞர் ஒருவர் அவருக்காக வாதாடினார், கிடியன் விடுதலையானார். அதே குற்றச்சாட்டு, அதே மனிதர். மாறியது சட்டம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றது மட்டும்தான். சட்டக் கல்லூரிகளை நடத்தப் பொதுமக்களின் பணம் ஏன் செலவாக வேண்டும் என்று எவராவது கேட்டால், நான் இந்த வழக்கைத்தான் எடுத்துச் சொல்கிறேன்.

கற்பனை வழக்கில் மாணவர்கள் வாதிடும் மூட் கோர்ட் போட்டிகளுக்கு வெளியூர் செல்லக் கல்லூரியால் எல்லோருக்கும் நிதி தர முடியவில்லை. ஆகவே வாதுரை எழுதும் பயிற்சியை உள்ளேயே நடத்தினோம். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு பேராசிரியர் ஒவ்வொரு வாதுரையையும் வரிவரியாகத் திருத்தித் தந்தார் என்பதைத் தவிர.

குறைகளைச் சிறப்புகளாக மாற்றிச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்த பருவங்களில் நாங்கள் இழந்த பாடத்தை எதுவும் ஈடுசெய்யவில்லை. பெரிய நிறுவனங்கள் வேலைக்கு ஆள் தேடி வராததால், படிப்பு முடிந்ததும் கடன் அடைக்க வேண்டியிருந்த நண்பர்கள் உண்மையாகவே துன்பப்பட்டார்கள். எளிமை நல்லது என்று சொல்லி அரசுகள் இத்தகைய கல்லூரிகளுக்கான நிதியைக் குறைத்துக்கொண்டே போனால், சின்ன வகுப்பின் பலன்கூட மிஞ்சாது. ஆசிரியர் இல்லாத சின்ன வகுப்பு வெறும் காலி அறைதான். நியமனங்களும் நூலக நிதியும் வேண்டும் என்று மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் தொடர்ந்து கேட்க வேண்டும்.

சேர்வதற்கு முன் கல்லூரியை நேரில் பார்க்கச் செல்பவர்களுக்கு என் பரிந்துரை இது. அலுவலகத்தில் கையேட்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். அனுமதி பெற்று முதலாம் ஆண்டு வகுப்பு ஒன்றில் அமர்ந்து, ஆசிரியர் மாணவர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறாரா, கேள்வி கேட்கிறாரா, ஒரு விடைக்குப் பின் அடுத்த கேள்வியும் கேட்கிறாரா என்று பாருங்கள். சட்ட உதவி மையம் வாரத்தில் எத்தனை நாள் இயங்குகிறது, யாருடைய மேற்பார்வையில் இயங்குகிறது, எந்த ஆண்டு மாணவர்கள் மனு எழுதுகிறார்கள் என்று விசாரியுங்கள். நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், காலிப் பணியிடங்கள் எத்தனை என்பதையும் தயங்காமல் கேளுங்கள். பிறகு இறுதியாண்டு மாணவர்கள் இரண்டு மூன்று பேரைப் பார்த்து, அவர்கள் எழுதியதைக் கடைசியாக எந்த ஆசிரியர் திருத்தித் தந்தார், எப்போது தந்தார் என்று கேளுங்கள்.