சம உயர வரப்பு: 6 மி.மீ. பிசகு 7 செ.மீ. ஆன கணக்கு

சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் போட்ட மூன்று வரப்பும் இந்த ஐப்பசியில் நின்றுவிட்டன. ஒரே ராத்திரியில் 62 மி.மீ. மழை, எங்கேயும் உடைப்பு இல்லை. காலையில் தண்ணீர் வடிந்ததும் வரப்பின் உள்முகத்தில் செத்தையும் வண்டலும் ஒரு கோடு போட்டிருந்தன. தெற்குக் கோடியிலிருந்து வடக்குக் கோடி வரை அந்தக் கோட்டின் உயரம் தரையிலிருந்து 15, 16 செ.மீ. வித்தியாசம் 1 செ.மீ. மட்டுமே. இந்தப் பதிவே அந்தக் கோட்டுக்காகத்தான்.

இடம் வேடசந்தூர் பக்கம், ஒன்றரை ஏக்கர் செம்மண் மானாவாரி. அகலம் 60 மீட்டர், நீளம் 100 மீட்டர், சரிவு 2 சதவீதம். 50 செ.மீ. இறக்கத்துக்கு ஒன்று வீதம், 25 மீட்டருக்கு ஒரு வரப்பு. போன வருடம் இதே நடு வரப்பு 40 மி.மீ. மழைக்கே வடக்குக் கோடியில் அறுத்துக்கொண்டு போனது. மண் சரியில்லை, கெட்டிப்பு பத்தவில்லை என்றுதான் முதலில் தோன்றியது. உண்மையில் பிசகு டியூப் லெவலில், அதாவது இரண்டு அளவுக் குச்சியில் கட்டி மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயில்.

இரண்டு குச்சியிலும் அளவு நாடா ஒட்டியிருந்ததில் ஒன்று 6 மி.மீ. மேலே ஏறியிருந்தது. 5 மீட்டருக்கு ஒரு முளை, 60 மீட்டருக்கு 12 நகர்த்தல். ஒவ்வொரு முறையும் அதே குச்சியையே முன்னால் கொண்டுபோனதால் பிசகு ஒரே பக்கமாகக் கூடிக்கொண்டே போனது: 12 தடவை 6 மி.மீ., ஆக 7 செ.மீ. இறக்கம். 2 சதவீதச் சரிவில் அது முளைக் கோட்டை மூன்றரை மீட்டர் கீழே இழுத்துவிடும். தண்ணீர் முழுக்க அந்தக் கோடிக்கு ஓடி, அங்கேயே ஏறி, அங்கேயே உடைத்தது. தெற்குப் பாதி நனையவே இல்லை.

தீர்வு சுலபம். தொடங்கும் முன் இரண்டு குச்சியையும் ஒரே கல்லின் மேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இரண்டும் ஒரே எண் காட்ட வேண்டும். அதன் பிறகும் குச்சிகளை மாற்றி மாற்றி முன்னால் போகவிடுங்கள். முன்னால் போன குச்சி அங்கேயே நிற்க, பின்னால் நின்றது அதைத் தாண்டிப் போக வேண்டும். மிச்சம் இருக்கும் பிசகு ஒருமுறை கூடினால் மறுமுறை கழிந்துவிடும்.

மற்ற தொல்லைகளும் உண்டு. குழாயில் குமிழி நின்றால் மட்டம் பொய் சொல்லும். வாளியை உயரத்தில் வைத்து, வாயால் இழுத்து, தண்ணீரைத் தானாக ஓடவிட்டு நிரப்பினால் குமிழி தங்காது. சொட்டு நீலம் இரண்டு துளி விட்டால் கண்ணுக்கும் தெரியும். நகரும்போது கட்டைவிரலால் குழாய் வாயை அடைக்கலாம், எண் பார்க்கும்போது இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும். வழியில் தண்ணீர் சிந்தினால் பரவாயில்லை, ஏனென்றால் நாம் தேடுவது குறிப்பிட்ட எண்ணை அல்ல, இரண்டும் ஒன்றாவதை. உழுத புழுதியில் குச்சி அமுங்கும்; அடியில் ஓட்டுச் சில்லு வையுங்கள். உழவுக்கு முன்பே முளை அடித்துவிடுவது இன்னும் நல்லது.

குழாய் வாங்கும்போது 10 மி.மீ. உள்விட்டம், மிருதுவானது, கண்ணாடி போல் தெரிவது என்று கேட்டு வாங்குங்கள். கடையில் வெயிலில் தொங்கிப் பழுத்துப்போன சுருளைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அது மடிந்த இடத்தில் குமிழியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கோடு கிடைத்ததும் கோணல்மாணலான முளைகளை மேலே கீழே அரை மீட்டர் வரை தள்ளி நேராக்கலாம். இந்தச் சரிவில் அரை மீட்டர் என்பது 1 செ.மீ. தான், டிராக்டர் திரும்பவும் வசதி. வரப்பு அடியில் ஒன்றரை மீட்டர், தலையில் 40 செ.மீ., உயரம் 50 செ.மீ.; அமுங்கி 40-க்கு வரும். 15 செ.மீ.க்கு ஒரு அடுக்கு, தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டை போட வேண்டும். கட்டி கட்டியாகக் கொட்டிவிட்டுப் போனால் உள்ளே பொந்து நிற்கும், தண்ணீர் அதைத் தேடிப் பிடித்துவிடும். கலிங்கு, அதாவது மிஞ்சிய தண்ணீர் வழியும் இடம்; அதன் வாய் தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில், 1 மீட்டர் அகலம். அந்த மட்டத்துக்கு ஒரு வரப்பு கிட்டத்தட்ட 60,000 லிட்டர் நிறுத்தும். 62 மி.மீ. மழையில் ஒரு வரப்புக்கு மேலே உள்ள 25 மீட்டர் துண்டு நிலத்தில் விழுந்தது 93,000 லிட்டர். பாதிக்கு மேல் விழுந்த இடத்திலேயே இறங்கிவிட்டதால் கலிங்கு வழியவில்லை.

ஆனால் நான்காம் நாள் ஈரம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று 12 மி.மீ. இரும்புக் கம்பியை அமுக்கிப் பார்த்ததில் வரப்பு ஓரம் 55 செ.மீ. இறங்குகிறது, துண்டின் நடுவில் 25-லேயே நின்றுவிடுகிறது. செம்மண் மழை அடித்ததும் பொருக்குத் தட்டி வாயை மூடிக்கொள்ளும். வரப்புக்கு மட்டும் பணம் போட்டு நடு நிலத்தை மறந்தால் பாதி ஈரம்தான் கிடைக்கும். அதனால் அடுத்த கோடையில் உளிக் கலப்பை, அரை மீட்டர் இடைவெளியில் 40 செ.மீ. ஆழம், கூடவே தொழுவுரம். விதைப்புக்கு முன் 8-க்கு 5 மீட்டர் பாத்தியாக அடைக்கவும் எண்ணம். சோளத்தட்டை மூடாக்குக்கு இப்போதே சொல்லி வைத்தாயிற்று.

வரப்பின் மேல் கொழுக்கட்டைப் புல். புதிதாக அறுத்த விதை உறக்கத்தில் இருக்கும். ஆறேழு மாதம் பழகிய விதையாகக் கேளுங்கள். பஞ்சு போல ஒட்டிக்கொள்ளும், மணலில் கலந்து தூவினால் பரவலாக விழும். வெட்டிவேர் நாற்றில் வேர்க்கழுத்து இல்லாத தட்டையை அனுப்பி ஏமாற்றுகிறார்கள், கட்டைப் பிரித்துப் பார்த்து வாங்குங்கள்.

இதற்கிடையில் இரண்டாவது, மூன்றாவது கலிங்குக்கு இன்னும் கல் பதிக்கவில்லை, சாக்கு மூட்டைதான் நிற்கிறது. கார்த்திகை மழைக்குள் அரை யூனிட் கருங்கல் வந்தாக வேண்டும்.